ரோல்பிளே கேமில் காட்சியையும் விதியையும் எப்படித் தெளிவாகச் சொல்வது?

மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைத்தே ஆடுவது ரோல்பிளே கேம். அதை நடத்துபவரின் பேச்சுத்தான் மற்றவர்களுக்குக் கண். காதால் கேட்டதில் மூன்று நான்கு விடயங்களே ஒரே நேரத்தில் மனதில் நிற்கும். பத்தைச் சொன்னால் வாசல் எங்கே என்பதே மறந்துபோகும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று நல்லூருக்கு வழி கேட்பவருக்குக் கோபுரத்தின் நிறத்தையா முதலில் சொல்வோம்? எந்த வீதி, எங்கே திரும்புவது என்றுதானே. காட்சியும் அப்படியே: இடத்தின் அளவு, வெளியேறும் வழி, பிறகு ஒரு சத்தமோ மணமோ. ஆபத்தைக் கடைசியில் வையுங்கள்; “கோட்டைச் சுவரில் ஒருவன் வில்லோடு நிற்கிறான்” என்று முதலே சொன்னால் மிச்சத்தை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அகழியின் அகலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாண்டலாமா, முடியாதா என்ற வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும்.

விதியைத் தேவைப்படும்போது, பகடை உருட்டுமுன் சொல்லுங்கள்: “அகழியைத் தாண்ட இலக்கு 15. பகடையில் விழும் எண்ணோடு உமக்கு 3 கூடும். இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழவேணும். தவறினால் அகழிக்குள் விழுவீர்.” வாய்ப்பு 45 சதவீதம் என்று தெரிந்தே அவர் முடிவெடுப்பார். தோல்வியின் விலையை உருட்டிய பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் படும்.

நீளமாக வர்ணிப்பவரே நல்ல நடத்துநர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஆடுபவர்கள் “நான் இதைச் செய்கிறேன்” என்று தொடங்கும் இடத்திலேயே வர்ணனை போதும்.