கூட்டாளிக்காக ஒரு வேலையில் இருக்கலாமா?

வேலை: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், சென்னையில் பார்சல் டெலிவரிக்கு வண்டி ஓட்டி, பிறகு ஒரு ஹப்பின் (பார்சல்கள் வந்திறங்கி ஏரியா வாரியாகப் பிரியும் இடம்) பொறுப்பாளராக இருந்தவர்.)

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வேளச்சேரி பக்கம் பார்சல் டெலிவரிக்குப் போகிறேன். வெயில், மாடிப்படி, இடுப்பு வலி. பெட்ரோல் போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். அப்பா, "ஃபேனுக்குக் கீழ உட்கார்ற வேலையாப் பாரு" என்கிறார். எனக்கோ ஹப்பில் இருக்கும் அண்ணன்களை விட்டுப் போக மனசே வரவில்லை. கூட்டாளிகளுக்காக ஒரு வேலையில் இருப்பது சரியா?
– எஸ்.கே., மடிப்பாக்கம்

பதில்: சரிதான் தம்பி. இதை அப்பாவிடம் சொல்லக் கூச்சமே வேண்டாம். மற்ற வேலைகளில் கூட இருப்பவர் நல்லவராக இருந்தால் பொழுது நன்றாகப் போகும். நம் வேலையில் வருமானமே கூடும். அப்பாவிடம் கணக்காகவே சொல்லுங்கள்.

நமக்குப் பார்சல் கணக்கில்தான் காசு. கொண்டுபோய்க் கொடுத்தால் உண்டு. வீடு கிடைக்காமல் திரும்பி வந்தால் பெரும்பாலான இடங்களில் கிடையாது. எரிந்த பெட்ரோல் நம்முடையது. சென்னையிலோ ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. கேட்டில் ஒன்று எழுதியிருக்கும், ஆர்டரில் இன்னொன்று இருக்கும். மேப் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கை கழுவிவிடும்.

எங்கள் ஹப்பில் ஒருவரை 'நங்கநல்லூர் அண்ணன்' என்றே கூப்பிடுவோம். 600061 பின்கோடு முழுக்க அவருக்கு மனப்பாடம். காலையில் லோடு இறங்கியதும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஏரியா வாரியாகப் பிரிப்போம். அவர் ஏரியா புதுப் பையன் யாருக்காவது போன நாளில், அவன் மூட்டை கட்டுமுன் பார்சல்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டுவார். மார்க்கர் பேனாவால் ஓரத்தில் எழுதுவார். 'பழைய 14, பின்வாசல்.' 'மூணு மணிக்கு மேல போ.' 'நாய் இருக்கு, வெளிய நின்னு ஃபோன் பண்ணு.' அவருடைய சொந்த லோடு பக்கத்தில் அப்படியே கிடக்கும். அவர் ஏரியாவை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு அவர் இதைச் செய்ய வேண்டியதே இல்லை. அந்தப் பையன் ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வராமல் சாயங்காலம் காலி மூட்டையோடு திரும்புவான். அவன் கையில் ஏறின காசில் அந்த மார்க்கர் எழுத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. நடுவழியில் வண்டி பஞ்சர் ஆனால் கூட்டாளி வந்து நம் மூட்டையில் பாதியை எடுத்துக்கொண்டு போவார். ஆனால் அவை ஸ்கேன் ஆகியிருப்பது நம் ஐடியில். ஹப்பில் மாற்றிப் போடாவிட்டால் காசு நமக்குத்தான் ஏறும். அது தெரிந்தும் வருகிறார்களே, அவர்களைத்தான் நீங்கள் விட்டுப் போக மனசில்லை என்கிறீர்கள். அன்றைக்கு அவருக்குப் பெட்ரோல் போட்டுவிடுங்கள். வேண்டாம் என்பார், கேட்காதீர்கள்.

அப்புறம் ராத்திரி சி.ஓ.டி. கணக்கு, அதாவது பார்சலைக் கொடுக்கும்போது வாசலில் வாங்கின பணத்தை ஹப்பில் கட்டுகிற கணக்கு. எண்ணும்போது ஒரு ஐந்நூறு குறைந்தால் அது நம் தலையில் விழும். பதறுகிறவனுக்கு எவ்வளவு எண்ணினாலும் கணக்கு வராது. பக்கத்தில் இருப்பவர் தன் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, அன்றைய பார்சல் பட்டியலான ரன்ஷீட்டை வரிவரியாகப் படித்து, "இது கேஷ் இல்லடா, அந்த அம்மா ஜிபே பண்ணிச்சுன்னு சொன்னியே" என்று எடுத்துக் கொடுப்பார். பசியோடு உட்கார்ந்திருக்கிற ஒருவர் அடுத்தவனுக்காக அதைச் செய்வது லேசான காரியமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் எங்கள் ஆள் ஒருவரின் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர். ஹப்பே மூடியிருந்தது. மூன்று பேர் இடுப்பளவுத் தண்ணீரில் போய் ஃப்ரிட்ஜையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் மாடிக்கு ஏற்றினார்கள். பாரம் தூக்கிப் பழகின கைகள். அவர்களில் யாருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மேலே இருப்பவர்களும் சொல்வார்கள், பார்சல் ரேட்டைக் குறைக்கிற அன்றைக்கும் சொல்வார்கள். உங்கள் ஒற்றுமை அவர்களுக்கு இலவசமாகப் போகக் கூடாது. ரேட் குறைந்தால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், அண்ணன்களோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆப் மூலம் வேலை எடுத்துச் செய்கிற கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைப்பதாகத் தமிழக அரசு 2023 சுதந்திர தினத்தன்று அறிவித்தது. 2025-26 பட்ஜெட்டில், அதில் பதிவு செய்தவர்களில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். உங்கள் வேலை அந்த வகையில் வருகிறதா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, வருமென்றால் எல்லோருமாகப் பதிந்துவிடுங்கள்.

இடுப்பு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். குனிந்து தூக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள்; பெரிய அட்டைப்பெட்டிக்கு இன்னொரு கை கேளுங்கள். பி.காம். வீணாகவும் வேண்டாம். ஹப்பில் கணக்கு பார்க்கும் இடம் காலியாகும்போது முதலில் கையைத் தூக்குங்கள். ஃபேனும் கிடைக்கும், அண்ணன்களும் கூடவே இருப்பார்கள்.

கேள்வி: நான் சேர்ந்த ஹப்பில் பழைய ஆட்கள் அடுக்குமாடிகளை வைத்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீடுகளாகப் பார்த்து எனக்குத் தள்ளுகிறார்கள். பொறுப்பதா, போவதா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஒரே கேட்டுக்குள் இருபது பார்சல் முடிகிற இடத்தை யாரும் லேசில் விடமாட்டார்கள். பொறுப்பாளரிடம், ஏரியாவை வாரம் ஒருமுறை சுற்றி விடும்படி எல்லோர் முன்னாலும் கேளுங்கள். நான் அப்படித்தான் விட்டேன். முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. தீபாவளி சீசன் வரை பாருங்கள். லோடு ஏறி, மழையும் சேர்ந்துகொள்கிற அந்த நாட்களிலும் உங்களுக்கு ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை என்றால் வேறு ஹப் தேடுங்கள். இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய உடம்பு தாங்காது.

கேள்வி: டெலிவரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
– இல்லத்தரசி, ஆதம்பாக்கம்

பதில்: முகவரியில் இரண்டு எண்ணையும், பக்கத்தில் இருக்கும் கோயிலையோ கடையையோ சேர்த்து எழுதுங்கள் அம்மா. ஃபோன் வந்தால் எடுங்கள். அபார்ட்மென்ட் லிஃப்டில் 'டெலிவரி ஆட்கள் ஏறக்கூடாது' என்று போர்டு இருந்தால், அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.