அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு ஊழியர் சங்கம் ஒன்றில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலை, சம்பளம், பதவி உயர்வு பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். இந்த மாதக் கடிதங்களில் மூன்று, அரசு வேலையில் யாருக்கு எந்த இடம் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாயின் அவசரம் அப்படி.

கேள்வி: அக்கா, என் மகள் மாகாண அரசு அலுவலகம் ஒன்றில் 11 வருடமாக வேலை செய்கிறாள். மேல் பதவி ஒன்று காலியானதும் விண்ணப்பித்தாள். நேர்காணலில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். தேர்வுக் குழுவும் அவள் பெயரைத்தான் எழுதி அனுப்பியது. கடைசியில் 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. எந்த இனத்துக்கு எத்தனை இடம் என்று அலுவலகம் போட்ட திட்டத் தாளில் 'இந்தியப் பெண்' என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டிருக்கிறது என்று உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னாராம். அன்றைக்கு, நிறவெறி ஆட்சியில், வேலைக்கு நம் வெள்ளை போதவில்லை, இன்றைக்கு நம் கறுப்பு போதவில்லை என்றால் நம் பிள்ளைகள் எங்கேதான் போவார்கள்? வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடிதத்தில் என்ன தேதி என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன அடிப்படையில் பாகுபாடு காட்டினார்கள் என்று புகார் செய்ய ஆறு மாதம் அவகாசம் உண்டு. சி.சி.எம்.ஏ. என்று நாம் சொல்லும் சமரச ஆணையத்துக்கு 7.11 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. இனப் பேச்சே இல்லாமல், பதவி உயர்வில் முறைகேடு என்று மட்டும் புகார் செய்வதானால் அது வேறு வழி. அதற்கு 90 நாள்தான். உங்கள் மகளின் குறை முதல் வகை. நியாயமான வழக்கை வைத்துக்கொண்டு, 'மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம்' என்று எட்டு மாதம் கழித்து என் மேசைக்கு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாம்தான். ஆனால் பாதி உயிர் அங்கேயே போய்விடும்.

அடுத்தது அந்தத் தாள். உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னாராம் என்பதை வைத்து வழக்கு நடத்த முடியாது. 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி, நிர்வாகம் போடும் சமத்துவத் திட்டத்தை ஊழியர்கள் பார்க்கவும் நகல் எடுக்கவும் கொடுத்தாக வேண்டும். அதனால் மகள் எழுத்தில் கேட்கட்டும். நேர்காணல் மதிப்பெண் தாளையும், அவள் பெயரை மாற்றியவர் எழுதி வைத்த காரணத்தையும் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிலுக்குக் காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் பூஜ்ஜியத்தை மட்டும் பார்க்காமல், அதைப் போட்ட கணக்கைப் பாருங்கள். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பதவி நிலையில் 20 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதையும் எடுத்தால் இந்தியர் 2.5 சதவீதம். இருபதில் அது அரை ஆள். அதில் பாதி பெண்களுக்கு என்றால் கால் ஆள். கால் ஆளை முழு எண்ணாக்கினால் பூஜ்ஜியம். இப்போது அதே 20 இடத்துக்கு, நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இந்தியர் 7.4 சதவீதம் என்று அதே கணக்கெடுப்பு சொன்னதை எடுங்கள். ஒன்றரை ஆள் வருகிறது. அதில் பாதி முக்கால். முக்காலை முழுசாக்கினால் ஒன்று. ஆள் மாறவில்லை, வேலை மாறவில்லை. எந்த மக்கள்தொகையை எடுத்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது. உங்கள் மகளின் பதவி உயர்வு ஒரு தசமப் புள்ளியில் நிற்கிறது, அம்மா.

நீதிமன்றங்களும் இதே இடத்தில்தான் கையை வைத்தன. இந்திய வம்சாவளிப் பெண் காவல் அதிகாரி ஒருவர் உயர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, இதே மாதிரி வெட்டி வெட்டி இந்தியப் பெண்களின் பங்கைப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். அது நியாயமற்ற பாகுபாடு என்று 2013இல் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் மேற்குக் கேப் சிறைத்துறை வழக்கு. பத்து விண்ணப்பதாரர்கள், ஒருவர் வெள்ளையர், மற்ற ஒன்பது பேர் கலர்ட் என்று சொல்லும் கலப்பு வம்சாவளியினர். அந்த மாகாணத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கலர்ட் மக்கள். துறையோ நாடு தழுவிய 8.8 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, 'உங்கள் ஆட்கள் ஏற்கெனவே அதிகம்' என்று திருப்பி அனுப்பியது. 2016 ஜூலை 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நாட்டுக் கணக்கோடு வட்டாரக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சட்டம் சொல்லியிருக்க, அதை விட்டது தவறு.

அதே தீர்ப்பின் மறுபக்கத்தை நான் மறைக்க மாட்டேன். சட்டத்தில் 'கறுப்பர்' என்றால் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூவரும் அடக்கம். ஆனாலும் ஒரு பதவி நிலையில் இந்தியர் தங்கள் பங்குக்கு மேல் ஏற்கெனவே இருந்தால், இந்திய விண்ணப்பதாரரை மறுக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதல் மதிப்பெண் வாங்கியவருக்கே வேலை என்றும் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. 2014இல் வெள்ளையினப் பெண் காவல் அதிகாரி ஒருவர், மதிப்பெண்ணில் முதலிடத்தில் இருந்தும், அதே நீதிமன்றத்தில் தோற்றார். அதனால் மகளின் அலுவலகத்தில் அந்தப் பதவி நிலையில் இப்போது எத்தனை இந்தியப் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். யாருமே இல்லை என்றால் உங்கள் வழக்கு பலமானது. நான்கு பேர் இருந்தால் கஷ்டம். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மகள் மனப்பாடமே செய்யலாம். முன்னுரிமை தரலாம், எண்ணிக்கை இலக்கு வைக்கலாம், ஆனால் கோட்டா கூடாது என்கிறது. யாருக்கும் கதவை ஒரேயடியாக அடைக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொல்கிறது. இனப் பாகுபாடு என்று புகார் வந்தால், அப்படி நடக்கவில்லை என்றோ அது நியாயமானதுதான் என்றோ காட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது. 'இலக்குதான், கோட்டா இல்லை' என்பார்கள். அப்படியானால் அந்தப் பூஜ்ஜியத்தைத் தாண்டி எப்போதாவது யாரையாவது எடுத்தீர்களா, எந்தச் சூழ்நிலையில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது பூட்டிய கதவு. இன்னொன்று, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் துறைவாரியான இலக்குகளை அமைச்சர் வைக்கிறார். மகளின் தாள் எந்த ஆண்டுத் தாள் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக, அந்த 'வெள்ளை போதவில்லை, கறுப்பு போதவில்லை' பற்றி. காவடி நாளிலும் சாவு வீட்டிலும் இதைக் கேட்கிறேன். சொல்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. என் அப்பா டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். ஓர் அலுவலகத்தில் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்தார். புதிதாக வந்த வெள்ளைப் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார், அவர்களில் மூன்று பேர் அடுத்தடுத்து அவருக்கே மேலதிகாரி ஆனார்கள். அப்பா எங்கே போய் முறையிடுவார்? அப்போதும் 'வேலை ஒதுக்கீடு' என்றுதான் பெயர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, எந்த வேலை எந்த இனத்துக்கு என்று அமைச்சர் அறிவிக்க வழி செய்தது. ஜொஹன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் லிஃப்ட் இயக்குவதைக்கூட வெள்ளையருக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பிரிவு 1979இல்தான் நீங்கியது. அப்பாவுக்குத் தாள் கேட்கும் உரிமை இல்லை, படிவம் இல்லை, அவர் பேச்சைக் கேட்க ஒரு நீதிபதி இல்லை. உங்கள் மகளுக்கு எல்லாம் இருக்கிறது. அவள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தப் பதவிக்கு வந்த ஆப்பிரிக்கப் பெண்ணோடு மகள் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் விண்ணப்பம் போட்டார், வேலை கிடைத்தது, அவ்வளவுதான். அவருடைய அப்பாவுக்கு என் அப்பாவின் குமாஸ்தா நாற்காலிகூடக் கிடைத்திருக்காது. மகள் அவருக்கு வணக்கம் சொல்லட்டும். சண்டை தாளோடு, அதை எழுதியவர்களோடு.

கேள்வி: அக்கா, நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஓவர்போர்ட்டில் இருக்கிறேன். ஊரில் என் தங்கை முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினாள். எம்.பி.சி., அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. அதிக மார்க் எடுத்த எம்.பி.சி. ஆட்களை பேக்லாக் இடங்களில் போட்டு நிரப்பிவிட்டதால் தனக்கு இடம் வரவில்லை என்கிறாள். அது சரியா?
— ஒரு வாசகர், ஓவர்போர்ட்

பதில்: தம்பி, இந்தியச் சட்டத்தில் நான் தேர்ந்தவள் இல்லை. மதுரையில் வழக்கு நடத்தும் தோழியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தங்கை சொல்வது போலவே நடந்திருந்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 69 சதவீதம் ஒதுக்கீடு, மீதி 31 பொதுப் பிரிவு. பொதுப் பிரிவு என்பது முற்பட்டோருக்கு ஒதுக்கிய இடம் இல்லை, மார்க் உள்ள எல்லோருக்கும் உரியது. பேக்லாக் என்பது போன தேர்வில் ஆள் கிடைக்காமல் நின்றுபோன ஒதுக்கீட்டு இடம். 2000ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 81ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அதை நடப்பு ஆண்டு இடங்களோடு சேர்க்காமல் தனி வகையாக வைக்கலாம்.

இப்போது மூன்று பொது இடம், எம்.பி.சி.க்கு ஒரு பேக்லாக், இரண்டு புதிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பட்டியலில் முதலிடம் ஓர் எம்.பி.சி. பெண்ணுக்கு. அவரைப் பொது இடத்தில் வைத்தால், எம்.பி.சி.யில் இன்னும் மூன்று பேருக்கு வேலை. அவரைக் கொண்டுபோய் பேக்லாக்கில் வைத்தால் இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆள் உங்கள் தங்கை. இதே தகராறு, அதுவும் முதுகலை ஆசிரியர் நியமனத்திலேயே, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச் 5 அன்று வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: முதலில் மார்க் வரிசைப்படி பொது இடங்கள், அடுத்து பேக்லாக், அப்புறம் நடப்பு ஒதுக்கீட்டு இடங்கள்.

தங்கை உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் இனச்சுழற்சிப் பட்டியலையும், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நியமிக்கப்பட்டார் என்பதையும் கேட்கட்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், தன்னால் யாருடைய இடம் போகுமோ அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சேர்க்காததாலேயே விழுந்த மனுக்கள் உண்டு என்று தோழி அழுத்திச் சொன்னாள். இங்கே பூஜ்ஜியம், அங்கே வரிசை. இரண்டிலும் தாளைக் கையில் வாங்காமல் யாரும் ஜெயித்ததை நான் பார்க்கவில்லை.

கேள்வி: நான் 2012இல் தென்னாப்பிரிக்கக் குடிமகன் ஆனேன். அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் என்னையும் 'இந்தியர்' கணக்கில் சேர்ப்பார்களா?
— அதே ஓவர்போர்ட் வாசகர்

பதில்: சேர்க்க மாட்டார்கள், தம்பி. அந்த முன்னுரிமை, பிறப்பாலோ வம்சத்தாலோ குடிமக்களானவர்களுக்கும், 1994 ஏப்ரல் 27க்கு முன்பே குடியுரிமை பெற்றவர்களுக்கும் உரியது. அந்தத் தேதிக்குப் பின் குடியுரிமை வாங்கியவர்களில், நிறவெறிச் சட்டம் தடுக்காமல் இருந்தால் அதற்கு முன்பே வாங்கியிருக்கக் கூடியவர்களும் அதில் வருவார்கள். நீங்கள் அந்த வகை இல்லை. அதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம், தகுதியின் பேரில் போட்டியிடலாம். நீங்கள் குடிமகன் ஆன பிறகு அடிங்டன் மருத்துவமனையில் மகள் பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் பிறப்பால் குடிமகள். நாளைக்கு அவள் விண்ணப்பம் போடும்போது 'இந்தியப் பெண்' கட்டத்தில் அவளும் ஒரு ஆள். அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.