எம்.ஆர்.ஐ. படத்தில் பீட்டா செல்களை எண்ண முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு டைப் 1 நீரிழிவு இருப்பது கடந்த ஆண்டு தெரியவந்தது. இன்சுலின் சுரக்கும் செல்கள் எவ்வளவு மிஞ்சியுள்ளன என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து, ஆராய்ச்சிச் சிகிச்சை ஒன்றில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி அளந்து சொல்லும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை எதுவும் இன்று நோயாளிகளுக்கான வழக்கமான சிகிச்சையில் இல்லை.

இன்சுலின் சுரக்கும் செல்களான பீட்டா செல்கள் கணையத்தில் சிறு சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அத்திட்டுகள் அனைத்தையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். ஒரு திட்டின் குறுக்களவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே இருக்க, வயிற்றுப் பகுதியை எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம் கொண்டது. மூச்சுவிடும்போது கணையம் அசைவதால் அந்தத் தெளிவும் மங்கிவிடுகிறது.

சர்க்கரை ஏறும்போது பீட்டா செல்கள் கால்சியத்துக்குத் திறக்கும் வழியாக, உடலில் செலுத்தப்படும் மாங்கனீசு என்ற உலோகமும் உள்ளே நுழைந்து படத்தில் பிரகாசம் கூட்டுகிறது என்பதைக் கொண்டு ஆய்வாளர்கள் நல்ல முயற்சிகள் செய்திருக்கிறார்கள். ஆனால் கணையத்தில் செரிமான நீரைச் சுரக்கும் திசுவும் (செரிமானத் திசு) மாங்கனீசை உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மனிதருக்குச் செலுத்த அனுமதி பெற்றிருந்த மாங்கனீசு மருந்தே விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பயனுள்ள ஒரு கருவியை வணிகக் கணக்குக்காகக் கைவிட்டுவிட்டு, ஆராய்ச்சி ஏன் மெதுவாக நகர்கிறது என்று கேட்கும் அமைப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இடைத்தரகர்கள் பெரிதும் நம்பியிருப்பது "கணையம் சிறுத்திருக்கிறது" என்ற ஒரு வரியை. டைப் 1 நீரிழிவு உள்ளவர்களின் கணையம் சராசரியாகச் சிறியது என்று எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மையே. ஆனால் அப்படிச் சிறுத்திருப்பது பெரும்பாலும் செரிமானத் திசுதான். பீட்டா செல்களின் எண்ணிக்கையை அந்த அளவிலிருந்து கணக்கிட முடியாது. உண்மையான ஒரு கண்டுபிடிப்பின் மறைவில் இப்படிப் பணம் பறிப்பது கொடுமை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனெனில் அதைத்தான் உங்களிடம் சான்றாகக் காட்டுவார்கள். தானமாகப் பெற்ற கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளை, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சை உண்டு. செலுத்துவதற்கு முன்பே இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை அத்திட்டுகளில் ஏற்றிவிட்டால், அவை கல்லீரலில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. வெளியே எடுத்து அடையாளமிட்ட திட்டுகளுக்கே இது பொருந்தும்; உங்கள் மகளின் சொந்தக் கணையத்துக்குப் பொருந்தாது. அங்கும்கூட, ஒரு திட்டு இறந்த பிறகு அதிலிருந்த இரும்பு சிலகாலம் தங்கிவிடலாம் என்பதால், கரும்புள்ளி தெரிவதை வைத்தே அந்தத் திட்டு உயிரோடு இன்சுலின் சுரக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நீங்கள் அறிய விரும்புவதற்கு சி-பெப்டைடு இரத்தப் பரிசோதனை போதும். உடல் சுரக்கும் இன்சுலினோடு சம அளவில் வெளிவரும் இப்பொருள் ஊசி இன்சுலினில் கிடையாது. ஆராய்ச்சியில் சேர விரும்பினால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் ஆய்வின் பதிவு எண்ணையும் கேட்டு, மகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். சேர்த்துவிடுவதற்கென்று தரகர் கேட்கும் கட்டணத்துக்கு நேர்மையான ஆய்வில் இடமில்லை. படத்தில் செல்கள் தெரிகின்றன என்று யார் சொன்னாலும், மருத்துவரைக் கேளாமல் இன்சுலின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.