இங்கிலாந்தில் கிளப்புடன் வயலில் தேடும்போது எனக்குத் தோட்டா மூடிகளே கிடைக்கின்றன, பக்கத்தில் இருப்பவருக்கு வெள்ளிக் காசு. என் மெட்டல் டிடெக்டரில் என்ன கோளாறு?

கருவியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, நீங்கள் வைத்த அமைப்பில்தான். குப்பை வேண்டாமென்று டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகங்களின் ஒலியை ஒதுக்கும் அமைப்பை) ஏற்றினால், அலுமினியத் தாளோடு மெல்லிய வெள்ளியும் கேட்காமல் போகும். இடைக்கால வெள்ளிப் பென்னியே சுமார் 1.4 கிராம்தான். சில்லறைக்காக அதைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிப் புழங்கினார்கள். அந்தக் கால் துண்டு கருவியின் திரையில் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளைப் போலவே எண் காட்டும். இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் தோண்டுங்கள். முதுகு வலிக்கும், வேறு வழியில்லை.

அடுத்தது வீச்சு. காயில் (கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டு) தரையை ஒட்டியே போகட்டும். வீச்சின் முனைகளில் கை தானாக மேலே எழும், அங்கேதான் ஆழத்தில் இருப்பது கேட்காமல் போகிறது. ஒரு வீச்சு முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஆணிகள் நிறைந்த பழைய வீட்டு மனையில் சிறிய காயிலை மாட்டி, மெதுவாகப் போங்கள்; பக்கத்திலுள்ள காசின் ஒலியை ஆணி விழுங்கிவிடும்.

ஒலி வந்த புள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளி மண்வெட்டியை இறக்குங்கள். புல்வெளியில் மூன்று பக்கம் மட்டும் வெட்டிக் கதவுபோல் மடியுங்கள். கிடைத்த காசைக் கட்டைவிரலால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும்.

ஒரே இடத்தில் 300 ஆண்டு கடந்த தங்கம் அல்லது வெள்ளிக் காசுகள் இரண்டு கிடைத்தாலே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். செம்புக் காசானால் பத்துக் காசுகள் கிடைத்தால்தான் சட்டம் பொருந்தும்.