சிஸ்டர், ஒரு சந்தேகம்!

மருந்து கொடுப்பது, எடுத்துக்கொள்வது பற்றிப் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வார்டு வேலையும் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் சொல்லும் வேலையும் தெரிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தவரை சர்க்கரை 150-ஐத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து பத்தே நாளில் 380. அதே இன்சுலின், அதே 20 யூனிட், நான்தான் போடுகிறேன். ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச்தான் கடையில் கொடுத்தார்கள். மருந்து கெட்டுப்போயிருக்குமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆரஞ்சு மூடி! நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். லேபிளில் 40 ஐ.யு. என்று அச்சிட்டிருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், 1 மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்காகக் கோடு போட்டது. அதில் 20-ஆவது கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி. உங்கள் குப்பியின் கணக்கில் அது வெறும் 8 யூனிட். பத்து நாளாக அப்பாவுக்குப் போனது அவ்வளவுதான்.

கடைக்கு ஓடிப் போய்ச் சிவப்பு மூடி வாங்கி வந்து இன்று ராத்திரியே போட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறியதைப் பார்த்து இடையில் யாராவது அளவைக் கூட்டச் சொல்லியிருந்தால், கூட்டிய அளவு சரியான சிரிஞ்சில் போகும்போது நேற்றையதைப் போல இரண்டரை மடங்கு. முதலில் டாக்டரிடம் போன் செய்து, "இத்தனை நாள் தப்பான சிரிஞ்சில் போட்டேன், இன்று எத்தனை யூனிட் போட?" என்று கேளுங்கள். குப்பி, சிரிஞ்ச் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதன் தலைகீழ் இன்னும் மோசம். இன்சுலின் பேனா பழுதானதும் அதற்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை இழுப்பவர்கள் உண்டு. கார்ட்ரிட்ஜ் மருந்து 1 மி.லி.க்கு 100 யூனிட் கணக்கு. சிவப்பு சிரிஞ்சில் 20-ஆவது கோடு அரை மி.லி. அதாவது 50 யூனிட். விடிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார்.

சிரிஞ்ச் சரியாக இருந்தும் சர்க்கரை ஏறினால் மூன்று இடங்களைப் பாருங்கள். இரண்டு வகை இன்சுலின் கலந்த, பால் போலக் கலங்கிய 30/70 மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்பிய பிறகே இழுக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்து, காற்றுக் குமிழி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்த்தால் கட்டி தட்டுப்படுகிறதா? வலிக்காத இடம் என்று அங்கேயே குத்திக் குத்தி வந்த கொழுப்புக் கட்டி அது. அதற்குள் போட்ட மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. தினமும் ஒரு விரல்கடை தள்ளிப் போடுங்கள். மூன்றாவது, நேரம். இந்த 30/70 மருந்து சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.

கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம் வந்து சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கத்திரி வெயிலில் இன்சுலினை எங்கே வைப்பது?
– வாசகர், காட்பாடி

பதில்: வேலூரை 'வெயிலூர்' என்று கேலி செய்வது சும்மாவா? 40 டிகிரியைத் தாண்டும் நாளில் ஓட்டுக்கூரையின் கீழ் அலமாரியில் வைத்த மருந்து வீரியம் இழக்கும். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்த குப்பியை 25–30 டிகிரிக்குள் வைத்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம்.

மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஆற்று மணல் போட்டு, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் மூடிச் சின்னப் பானைக்குள் வையுங்கள். பானை நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. அடைத்த அறையில் அது நடக்காது. நம் ஊரின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும், அடைமழைக் காலத்தில் அவ்வளவு செய்யாது. எப்படியும் இது திறந்த குப்பிக்கான ஏற்பாடுதான். மாதக்கணக்கில் வாங்கிச் சேர்க்காமல் ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

திறந்த தேதியைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதுங்கள். 10 மி.லி. குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 12 யூனிட் போடுபவருக்கு 28 நாளில் 336 தீரும், 64 மிஞ்சும். மிச்சத்தைப் பார்த்து மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். பிரிட்ஜ் உள்ளவர்கள் பிரீசரிலோ, அதன் பின்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் குப்பைக்குத்தான்.

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. டிஸ்சார்ஜ் ஆகும் வங்காள நோயாளிகளுக்கு மாத்திரை விளக்கும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, வேலூர்

பதில்: தமிழ் நோயாளிகளும் தலையாட்டத்தான் செய்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யார்தான் "இல்லை" என்பார்கள்? சிஸ்டருக்கு வேலை அதிகம், நமக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பில் ஆமாம் என்றுவிடுவார்கள். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். மாத்திரைப் பட்டைகளை மேசையில் பரப்பி, "நாளைக்குக் காலையில எழுந்ததும் என்னென்ன போடுவீங்க? எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கை எந்தப் பட்டைக்குப் போகிறது, எத்தனை எடுக்கிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். தப்பாக எடுத்தால், "நான் சரியா விளக்கலை, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு மறுபடி சொல்லி, மறுபடி காட்டச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஏழு மாத்திரையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பதில் பயனில்லை. இரண்டிரண்டாகப் போங்கள்.

1946-லேயே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் இது. ஆனாலும் நம் பாடத்தில் வங்காளம் கிடையாது. நான்கு சொல் போதும்: ஷொகால் காலை, துபுர் மதியம், ராத் இரவு, காலி பேட்டே வெறும் வயிறு. பட்டையின் மேல் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போடுங்கள். சீட்டில் உள்ள 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) நமக்குப் பழக்கம், முதல்முறை பார்ப்பவருக்கு அது நூற்றியொன்று. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும் என்பதும் அப்படித்தான். தினமும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் யார் என்று கேட்டு, அவரையும் உட்கார வையுங்கள். லாட்ஜில் துணைக்கு இருப்பவர் தம்பியாக இருப்பார், ஊரில் கொடுப்பது மருமகளாக இருக்கும். அப்படியானால் விளக்கும்போதே தம்பியின் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். 10-ஐ ஒட்டி யூ எழுத்து மட்டும் போட்டால் அவசரத்தில் 100 ஆகும். 5.0 என்று எழுதினால் 50 ஆகும், வெறும் .5 என்பது 5 ஆகும். 5 என்றும் 0.5 என்றும் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியார் டாக்டர் எழுதியதும் தனியாக இருக்கிறது. இப்போது கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார்.
– வாசகர், ஆற்காடு

பதில்: இரண்டு பட்டையையும் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இரண்டிலும் அம்லோடிபின் என்று இருந்தால் அம்மா ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார். அளவு கூடினால் கால் வீக்கமும் தலைசுற்றலும் வரும். சில மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும், அதனால் கடைசி வரி வரை படியுங்கள். எதை நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு நாளையே ஒரே டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். பட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி வரை வைத்திருங்கள்.

கேள்வி: இழைப்புக்குக் கொடுத்த கேப்சூலைத் தாத்தா தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருக்கிறார். ஆபத்தா?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: பயப்பட வேண்டாம், அதில் இருப்பது மிகச் சிறிய அளவு. ஆனால் வயிற்றுக்குப் போனதால் நுரையீரலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இழைப்பு குறையாததற்கு அதுதான் காரணம். கேப்சூலை அதற்கென உள்ள இழுப்புக் கருவியில் (இன்ஹேலர்) பொருத்தித் திருகி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, வேகமாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை விட்டால் பொடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். திறந்து பார்த்துப் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீராய்டு கலந்த மருந்தால் வாய்க்குள் வெள்ளை படரும். அழுத்திப் பீய்ச்சும் பம்ப் வேறு. அதற்கு மெதுவாக இழுக்க வேண்டும்.

கேள்வி: மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினார்கள். அத்தை ஒரு வாரமாகத் தினமும் போட்டிருக்கிறார். வாயெல்லாம் புண். நிறுத்திவிட்டால் போதுமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: போதாது. இதைப் படித்த உடனே பட்டையுடன் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இந்த நோய்க்கு இது வாரத்தில் ஒரே நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். வாய்ப்புண், மருந்து அளவு மீறியதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அடுத்து காய்ச்சல், பேதி, ரத்தக் கசிவு. உயிர் போகும். மாற்று மருந்து போலினிக் அமிலம், அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. இதனுடன் கொடுக்கும் போலிக் அமில மாத்திரை அதற்கு ஈடாகாது.

இதே மருந்து எடுக்கும் மற்றவர்கள் கிழமையை முழு எழுத்தில் பட்டையிலேயே எழுதிவையுங்கள். போலிக் அமிலமும் இதுவும் சில கம்பெனிகளில் ஒரே மஞ்சள் நிறம், எனவே தனித்தனி டப்பா. நான்கு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று என்று யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினால், இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எத்தனை மூடி?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: மூடிக் கணக்கை மறந்துவிட்டு, குழந்தையின் எடையையும் பாட்டிலின் எண்ணையும் பாருங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள பாட்டிலில் அது 6 மி.லி. 250 உள்ள பாட்டிலில் 3 மி.லி. 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி.தான்! சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு, கல்லீரலுக்கு ஆபத்து. வேளைக்கு வேளை நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளி சிரப்பிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். சமையல் கரண்டி வேண்டாம், வாயில் ஊற்றும் சிரிஞ்ச் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப் யோசனையே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் ஒரே பெயரில் மூன்று அம்மாக்கள். குழப்பம் வராமல் இருக்க?
– ஸ்டாஃப் நர்ஸ், ஆம்பூர்

பதில்: "நீங்கதானே இன்னார்?" என்று கேட்காதீர்கள், காது கேட்காத பாட்டியும் ஆமாம் என்பார். "உங்க பேரு என்னம்மா?" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டையில் உள்ள ஆஸ்பத்திரி எண்ணை மருந்துச் சீட்டுடன் ஒப்பிடுங்கள். படுக்கை எண் அடையாளம் ஆகாது. ஜன்னலோரக் காற்றுக்காக இடம் மாறிப் படுத்திருப்பார்கள். "இது நேத்து கொடுத்த கலர் இல்லையே" என்று நோயாளி சொன்னால் உடனே கையை நிறுத்திச் சீட்டைத் திரும்பப் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினில் கூடுதல் கவனம். 5 மி.லி. குப்பி ஒன்றில் 5,000 யூனிட், அதே அளவுக் குப்பி இன்னொன்றில் 25,000. 5,000 யூனிட் கொடுக்க முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகு விடையை ஒப்பிடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

கேள்வி: தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: கூடாது. வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. விடிகாலையில் பால்காரர் வரும் நேரத்தில் போட்டுவிட்டால், கோலம் போட்டு முடிப்பதற்குள் காபிக்கு நேரம் சரியாக இருக்கும்.