எடையும் காலமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் ஷுகர் ரே ராபின்சன் என்று எழுதியிருந்தீர்கள். அவர் 19 முறை தோற்றவர். ஃபிலாய்ட் மேவெதர் 50 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. முகமது அலியின் குத்துகளை ராபின்சன் தாங்குவாரா? வெவ்வேறு எடையில், வெவ்வேறு காலத்தில் மோதியவர்களை எதை வைத்து ஒப்பிடுகிறீர்கள்? ராபின்சனின் ஒரே ஒரு போட்டியைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

அலியும் ராபின்சனும் மோதியிருந்தால் எடையில் பெரியவரான அலிதான் வென்றிருப்பார். எடைப்பிரிவுகள் ஏற்பட்டதே அதனால்தான். ஆகவே யார் யாரை அடித்து வீழ்த்துவார் என்று நான் கேட்பதில்லை. தன் காலத்தின் மிகச் சிறந்தவர்களை நேருக்கு நேர் சந்தித்தாரா, தன்னைவிடக் கனமானவரிடம் போய் நின்றாரா என்றுதான் பார்க்கிறேன்.

ராபின்சனின் தோல்விகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 19-இல் பாதிக்கும் மேல் அவர் 40 வயதைத் தாண்டிய பிறகு, பணத்தேவைக்காக மேடையேறியபோது வந்தவை. முதல் தோல்வி 1943 பிப்ரவரி 5 அன்று, தன்னைவிடக் கனமான ஜேக் லமோட்டாவிடம். இரண்டு வாரத்தில் வேறொருவரை வென்றார். அடுத்த வாரமே, பிப்ரவரி 26 அன்று, அதே லமோட்டாவைச் சந்தித்து வென்றார். இன்று ஒரு சாம்பியன் தோற்றால் மறுபோட்டிக்கு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கிறது. மேவெதரின் தற்காப்பு அற்புதமானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 50 போட்டிகள் சுமார் 21 ஆண்டுகளில் நடந்தவை, அதாவது சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான். தோல்வியின்மையை மட்டும் அளவுகோலாக்கினால், குறைவாகவும் கவனமாகவும் மோதுபவருக்கே மகுடம் சூட்டவேண்டியிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை ராபின்சனின் உயரத்தைக் காட்டுவது ஒரு தோல்விதான். 1952 ஜூன், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியனான அவர், அதைவிடக் கனமான லைட் ஹெவிவெயிட் பிரிவின் பட்டத்துக்காக அதன் சாம்பியன் ஜோயி மாக்சிமை எதிர்த்தார். எதிராளி ஏறத்தாழ 15 பவுண்டு கூடுதல் எடை. விளக்குகளின் கீழ் வெக்கை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. பத்தாவது சுற்றுக்குப் பின் நடுவரால் நிற்க முடியவில்லை, வேறொருவர் வந்தார். புள்ளிகளில் ராபின்சன் தெளிவாக முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் வீசிய குத்து காற்றில் போக, தானே குப்புற விழுந்தார். பதினான்காம் சுற்றுக்கு மணி அடித்தபோது எழமுடியவில்லை. மாக்சிமும் அதே வெக்கையில்தான் நின்றார், வெற்றி அவருடையதே. ஆனால் பட்டியலில் ‘தோல்வி’ என்று ஒரே சொல்லாகப் பதிவாகியிருப்பது, பெரிய எடையின் சாம்பியனைப் பத்துச் சுற்றுக்கு மேல் ஆட்டிவைத்த ஒரு இரவு.

காலத்தை ஒப்பிடுவது இன்னும் சிக்கல். இன்று 17 எடைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு அமைப்புகளின் பட்டங்கள். 1938-இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் அடுத்தடுத்த மூன்று எடைப்பிரிவுகளான ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தபோது இருந்த பிரிவுகளே எட்டுத்தான். மானி பாக்கியாவ் 112 பவுண்டுப் பிரிவில் முதல் உலகப் பட்டம் வென்று, மொத்தம் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றது மாபெரும் சாதனை. இருந்தும் ஆம்ஸ்ட்ராங்கை ஒரு படி மேலே வைக்கிறேன். இப்போது எடை பார்ப்பது போட்டிக்கு முந்தைய நாளில். அதற்குள் உணவும் நீரும் சேர்ந்து, மேடையேறும்போது உண்மையான எடை வேறு. பயிற்சியும் உணவும் மேம்பட்டிருப்பது உண்மையே, ஆனால் அவற்றை அன்றைய வீரர் மறுத்துவிடவில்லையே. கால இயந்திரத்தில் ஏற்றுவதானால் பயிற்சியாளரையும் சேர்த்து ஏற்றவேண்டும்.

ஹெவிவெயிட் வீரர்களுக்கு மேலே செல்லப் பிரிவில்லை. எதிராளிகளின் தரத்தைக் கொண்டே அவர்களை அளக்கமுடியும். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரையும் வென்ற அலி அங்கே முதலிடம்.

நீங்கள் பார்க்கவேண்டிய போட்டி 1957 மே 1, சிகாகோ, ஜீன் ஃபுல்மருடன். ஜனவரியில் ஃபுல்மரிடம் பட்டத்தை இழந்திருந்தார் ராபின்சன். 36 வயதாக இரண்டு நாள் இருந்தது. ஐந்தாம் சுற்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உடலில் வலக்கைக் குத்துகளை இறக்கி, ஃபுல்மரின் கவனத்தைக் கீழே இழுக்கிறார். பிறகு பின்னால் நகர்ந்தபடியே ஒரு இடது ஹூக், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து. அதுவரை யாரும் ஃபுல்மரை நாக் அவுட் செய்ததில்லை.