மூன்றாவது கோப்பை யாருக்கு?

கேள்வி: நான் தரம் 11 படிக்கிறேன். சாதாரண தரத்துக்கு ஆங்கில இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்கு நாங்கள் நாலு பேர்தான். புத்தகத்தில் உள்ள கவிதைகளுக்கு நோட்ஸ் இருக்கிறது, பாடமாக்கி எழுதிவிடுவேன். ஆனால் இந்தத் தவணை தொடங்கி ரீச்சர் நாங்கள் முன்பின் பார்த்திராத கவிதையும் சின்னக் கதையும் தந்து, “நீங்களே வாசித்து எழுதுங்கோ” என்கிறார். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கிறேன். எல்லாச் சொல்லும் தெரிந்த பிறகும் கவிதை விளங்குவதில்லை. ரவுணில் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று அண்ணா சொல்கிறார். பாடத்தை விட்டுவிடட்டா?
– மாணவி, மல்லாவி

பதில்: விடாதீர் பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை வாசிக்காமல் அதிபரிடம் போய் நின்றுவிடுவீர் என்று பயம். அண்ணாவுக்கும் ஒன்று சொல்லும். ரவுணிலும் படிப்பித்தேன், மாங்குளத்துக்கு இங்காலையும் படிப்பித்தேன். ரவுண் பிள்ளைக்கும் இது வருவதில்லை. விளங்காததை நல்ல இங்கிலிஷில் எழுதி வைக்கும், அவ்வளவுதான்.

உம்முடைய கடிதத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன்: “எல்லாச் சொல்லும் தெரிந்த பிறகும் கவிதை விளங்குவதில்லை.” ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். பதின்மூன்று கவிதைகளை, எழுதியவரின் பெயரை மறைத்து, மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். வந்த பதில்களை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். தாய்மொழியே இங்கிலிஷான அந்தப் பிள்ளைகளில் கனபேர் கவிதை நேராக என்ன சொல்கிறது என்பதையே பிழையாக எடுத்திருந்தார்கள். அவர்களிடம் அகராதிக்கு என்ன குறை? ஆகவே உமக்கு வந்திருக்கும் வருத்தம் மல்லாவிக்கு மட்டும் வந்த வருத்தமில்லை.

தமிழ்ப் பாடத்தில் சங்கப் பாட்டு வரும்போது மேலே “தோழி கூற்று” என்றோ “தலைவி கூற்று” என்றோ போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டுக்குள் போவோம். குறிஞ்சிப்பாட்டைப் பாடியவர் கபிலர், ஆனால் அதில் பேசுகிறவள் தோழி, கேட்பவள் செவிலித்தாய். கபிலர் பெண்ணா என்று வகுப்பில் ஒருவரும் கேட்பதில்லை. அதே பிள்ளைகள் அடுத்த பாடவேளைக்கு இங்கிலிஷ் கொப்பியைத் திறந்ததும், கவிதையில் ‘நான்’ என்று வந்தால் அது கவிஞர்தான் என்று எழுதிவிடுகிறார்கள். கவிஞருக்கு அம்மா இல்லை, கவிஞருக்குக் காய்ச்சல், கவிஞர் அழுகிறார்! நான் திருத்திய விடைத்தாள்களில் அதிகம் பார்த்த பிழை இது. ‘த ஸ்பீக்கர்’ என்று எழுதிப் பழகும். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

(குறிஞ்சிப்பாட்டே ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்டப் பாடியது என்றுதான் பழைய குறிப்பு சொல்கிறது. வேற்று மொழிக்காரன் ஒருவனுக்குக் கவிதையைக் கொடுத்து மொழியைக் காட்டுகிற வேலையை உம்முடைய ரீச்சர் புதிதாகத் தொடங்கவில்லை.)

தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. அவற்றுக்குள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் எல்லாம் வரும். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எந்த இடம், எந்த நேரம், என்ன உணர்ச்சி, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. தெரியாத கவிதையோடு உட்காரும்போது இந்த ஆறையும் கேட்டால் போதும். இங்கிலிஷ் நோட்ஸில் வேறு பெயர்களில் இருப்பதும் அநேகமாக இதுதான். எனக்குக் கடைசியில் உள்ள எச்சம்தான் பெரிது. அதைக் காட்டுவதற்காக நேற்று இரவு குசினி மேசையிலிருந்து இங்கிலிஷில் ஆறு வரி எழுதினேன். நீர் இதை எங்கேயும் பார்த்திருக்க முடியாது. இது தமிழ்ச் சஞ்சிகை என்பதால் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

அப்பா மூன்று கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.
மூன்றாவதில் ஆடை படர்ந்தது.
நாய் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
“மழை வரும்போல” என்றார் அப்பா.
வானம் நீலமாக இருந்தது.
நான் மூன்று கோப்பைகளையும் கழுவினேன்.

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். பழகுவதற்குக் காணும்.

இரண்டாம் வரியில் ‘ஆடை’ என்ற இடத்தில் நான் இங்கிலிஷில் எழுதியது ‘ஸ்கின்’. நீர் அகராதியைத் திறந்தால் ‘தோல்’ என்று இருக்கும். தேத்தண்ணிக்குத் தோலா? இந்த இடத்தில்தான் உமக்குத் தலை சுற்றத் தொடங்கும், இல்லையா? அகராதியை மூடிவிட்டுக் குசினிக்குப் போம். பசுப்பால் விட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தால் மேலே என்ன வரும்? பாலாடை. அது ஊற்றிய உடனே வராது, ஆறஆறத்தான் வரும். ஆக, ஊற்றி நேரமாகிவிட்டது. ‘நேரம் போய்விட்டது’ என்று கவிதை எங்கும் சொல்லவில்லை, ஒரு கோப்பையைக் காட்டிவிட்டு விட்டுவிட்டது. மேலே சொன்ன ‘காலம்’ இதுதான்.

அடுத்தது நாய். தமிழில் வெறும் ‘நாய்’ என்று எழுதிவிடலாம். இங்கிலிஷில் அப்படி விட முடியாது, முன்னால் ஒரு சின்னச் சொல் வேண்டும். ‘ஏ டோக்’ என்று போட்டிருந்தால் எங்கிருந்தோ வந்த ஒரு நாய். நான் போட்டது ‘த டோக்’. அப்படியென்றால் இந்த வீட்டு நாய், யார் எந்த நேரம் படலையைத் திறந்து வருவார்கள் என்று தெரிந்த நாய். எங்கள் பிள்ளைகள் இலக்கணப் பயிற்சியில் வெற்றிடம் நிரப்பும்போது இந்த இரண்டு சொல்லையும் போட்டுவிட்டு, கவிதை என்று வந்ததும் அவற்றின் மேலால் கண்ணை ஓட்டிவிடுகிறார்கள். தமிழில் இல்லாத சாமான் என்பதால் நமக்குத்தான் அது கூடுதலாகக் கண்ணில் பட வேண்டும்.

சரி, அப்பா மழையைப் பற்றிச் சொல்கிறார். அடுத்த வரியிலேயே வானம் நீலம். அப்பாவுக்குக் கண் தெரியாதா? செத்தவீட்டில் பக்கத்தில் வந்து இருக்கும் ஆட்கள் “இந்த முறை காலபோகம் எப்படி?” என்று கேட்பார்களே, அந்தமாதிரிப் பேச்சு இது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாதபோது ஆட்கள் வானத்தைப் பற்றியோ வயலைப் பற்றியோ கதைப்பார்கள். நாலாம் வரியையும் ஐந்தாம் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். நீர் செய்கிறமாதிரி வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டு போனால், இரண்டும் சரியாக விளங்கிய பிறகும் நடுவில் இருப்பது விழுந்துபோகும்.

இனி அந்த மூன்றாவது கோப்பை. உம்முடைய பேனை இப்போது என்ன எழுதத் துடிக்கிறது என்று எனக்குத் தெரியும். வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற எவருக்கும் யுத்தம் முடிந்த 2009தான் வரும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வந்து குந்திய அம்மாமாரின் முகம் வரும். வரட்டும், அதைத் தள்ளிவிட வேண்டாம். காத்திருப்பு என்றால் என்ன என்று யாரும் உமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் ஒருக்கால் நின்று, கவிதையில் எந்தச் சொல் இதைச் சொல்கிறது என்று பாரும். யுத்தம் இல்லை, ஆமி இல்லை, ஆண்டு இல்லை. வரவேண்டியவர் கட்டாரில் இருக்கலாம். கலியாணம் முடித்துப் போன அக்காவாக இருக்கலாம். கோபித்துக்கொண்டு போன அம்மாவாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: படலையால் வந்து பழகிய ஒருவர், அவருக்கென்று தேத்தண்ணி ஊற்றப்படுகிறது, அவர் வரவில்லை, அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்து கதைப்பதில்லை. “இது யுத்தத்தில் காணாமல் போனவரைப் பற்றிய கவிதை” என்று எழுதினால் புள்ளி வெட்டுவேன். “காணாமல் போன ஒருவரின் வீட்டையும் இது ஞாபகப்படுத்துகிறது, ஆனால் யார் என்று கவிதை சொல்லாமல் விடுகிறது” என்று எழுதினால் முழுப் புள்ளியும் தருவேன். ரிச்சர்ட்ஸின் மாணவர்கள் விழுந்த குழிகளில் இதுவும் ஒன்று. தங்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்த உணர்ச்சியைக் கவிதையின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன், மறுபக்கத்தால். ஒருமுறை வகுப்பில் ஒரு கவிதை கொடுத்தேன், கடைசி வரியில் வெயில் வரும். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பெடியன் ஒருவன் “முடிவு துக்கமானது” என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். பிறகு கேட்டால், “வெயில் எறிச்சா குளம் வத்தும் ரீச்சர்” என்றான். அவன் சொன்னதில் என்ன பிழை? அவன் நிலத்தில் மழைதான் மகிழ்ச்சி. கவிதை வந்த நிலத்தில் மாதக்கணக்காகக் குளிர், வெயில் வந்தால் கதவைத் திறந்து வெளியே வருவார்கள். அதை நான் அவனுக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும், அல்லது கவிதையிலேயே இருந்த கம்பளிச் சட்டையையும் பூட்டின யன்னலையும் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பாலை என்றால் உமக்கு முதலில் வருவது பழம், வாயில் ஒட்டுகிற பால். சங்கப் பாட்டில் பாலை என்றால் பிரிவும் சுடுகிற வழியும். சொல் ஒன்றுதான், களனைப் பார்க்காமல் பொருள் எடுக்க முடியாது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதிலும் எங்கள் பிள்ளைகள் சரியான கஞ்சர். ‘சாட்’, ‘ஹப்பி’, இரண்டே இரண்டு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார்: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான இங்கிலிஷ் சொல் இரண்டு மூன்று தேடிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையும். மேலே உள்ள ஆறு வரியில் ஒருவரும் அழவில்லை, அதனால் ‘சாட்’ என்று மட்டும் எழுதினால் அரைவாசிதான். அடக்கி வைத்த துக்கம் என்று சொல்ல வேண்டும், எந்த வரியில் அடக்கியிருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

உவமை, உருவகம், எதுகைமாதிரி வருகிற ஒலி எல்லாம் தேடிப் பட்டியல் போடுவது ரியூசனில் பழகிய வேலை என்று நினைக்கிறேன். “இங்கு உவமையணி வந்துள்ளது” என்று எழுதி முடித்தால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. என்னுடைய ஆறு வரியில் உவமையே கிடையாது, பார்த்தீரா? பட்டியல்காரப் பிள்ளை வெறும் தாளைத்தான் தரும்.

கதைக்கும் அநேகமாக இதே கேள்விகள்தான். கூடுதலாக ஒன்று செய்யும்: முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் அடுத்தடுத்து வாசித்து, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வசனத்தில் எழுதும். ஆள் மாறியிருக்கும், அல்லது ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மாறியிருக்கும். இரண்டு தரம் வருகிற சாமானையும் கவனியும். சைக்கிளோ குடையோ, சும்மா இரண்டாம் தரம் வராது.

எழுதும்போது கவிதையிலிருந்து இரண்டு மூன்று சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்தச் சொல் என்ன செய்கிறது என்று உடனே சொல்லும். முழு வரியையும் பார்த்து எழுதி இடத்தை நிரப்ப வேண்டாம். இப்படி: “‘நீலம்’ என்ற சொல் அப்பாவின் பேச்சைப் பொய்யாக்குகிறது. அவர் மழையைப் பற்றிக் கதைக்கவில்லை, கதையை மாற்றுகிறார்.” இதற்கு வேண்டிய இங்கிலிஷ் உம்மிடம் இருக்கிறது. சின்ன வசனமாகவே எழுதும். நீட்டி எழுதத்தான் இலக்கணம் தடக்கும்.

அகராதியைப் பற்றி: முதல் இரண்டு வாசிப்புக்கும் அது மேசையில் இருக்கவே கூடாது. முதல் தரம் வாய்விட்டு வாசியும். இரண்டாம் தரம் பென்சிலோடு. மூன்றாம் தரம் வினைச்சொல் ஏதும் தெரியாமல் இருந்தால் மட்டும் திறவும். தெரியாத பெயரடைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுப் பாரும், முக்கால்வாசி நேரம் கவிதை அசையாமல் நிற்கும்.

வகுப்பில் நாலு பேர் என்று எழுதியிருந்தீர். எனக்கு ஒரு காலம் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. மற்ற மூன்று பேரிடமும் இந்த ஆறு வரியைக் கொடுத்து, நான் மேலே எழுதினதைக் காட்டாமல், மூன்றாவது கோப்பை யாருக்கு என்று கேளும். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால், எந்தச் சொல்லை வைத்துச் சொன்னார்கள் என்று அதையும் கேட்டு எழுதி அனுப்பும். இடம் இருந்தால் அடுத்த மாதம் போடுகிறேன். என்னிடம் மட்டும் கேட்க வேண்டாம், எழுதும்போது நான் யாரையும் நினைக்கவில்லை.